நாலாம் நம்பர் ஃபிளாப்பி

போன வாரக் கதையில், மண்ணூர்பேட்டை வீட்டில் கரண்ட் போய், வந்து, மறுபடியும் போய், ஹில்டாவின் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து தீய்ந்த வாசனை கிளம்பிய இடத்தில் விட்டிருந்தோம். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. ஒருவருக்கு மட்டும் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அவர் கிறிஸ்துதாஸ், ஹில்டாவின் மாமனார். ஆவடி பேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஒரு சாமான் சரியில்லை என்றால் சரியில்லைதான், எந்த ஆபீசர் வந்து நின்றாலும் கையெழுத்துப் போடமாட்டார் என்று பேர் வாங்கியவர். மகன் பாஸ்கல் பம்பாயில் வேலை பார்க்க, மருமகள் வீட்டிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து டைப்பிங் வேலை செய்ய, அதைப் பார்த்து மாமியார் சகாயம்மாள் முகத்தைச் சுளிக்க, நடுவில் மருமகள் பக்கம் நின்றவரும் அவர்தான்.

பங்குக் கோயில் கூட்டத்தில் எழுந்து வாக்குக் கொடுத்ததும் அவரேதான்.

“கல்லறைத் தோட்டத்துல ஒரு சிலுவ பச்ச, ஒரு சிலுவ நீலம், பாதி பேரு அழிஞ்சு கீது சாமி. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி சுண்ணாம்பு, ஒரே மாதிரி எழுத்து. பேரெல்லாம் என் மருமக கம்ப்யூட்டர்ல ஏத்திடுவா. நான் கேரண்டி!”

ஹில்டா குடையைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாள். எழுத்து தேய்ந்துபோன சிலுவைகளை விரலால் தடவித் தடவிப் பெயர் கண்டுபிடித்தாள். காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிவந்து, தீபாவளிக்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தாள். அந்தத் தாள்களைக் கட்டி வைக்கப் போனவளை கிறிஸ்துதாஸ் தடுத்தார்.

“பேக்டரியில புது டிராயிங் வந்தா பழச அன்னிக்கே கிழிச்சுடணும். ரெண்டு இருந்துச்சுன்னா என்னிக்காவது ஒருத்தன் தப்பானத எடுப்பான்.”

தாள்கள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை இளைஞர் குழுப் பையன்கள் சிலுவைகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். திங்கட்கிழமை பிரிண்டருக்கு ரிப்பன் வாங்கிப் போட்டு பிரிண்ட் எடுக்கலாம் என்றிருந்தாள் ஹில்டா. திங்கட்கிழமைதான் கம்ப்யூட்டர் செத்தது.

இன்றைக்குப் புதன். நாளைக்குக் கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுவர்த்தியுமாகச் சனம் வந்து நிற்கும்போது, வெள்ளை வெளேரென்று பெயரில்லாத சிலுவைகள் நிற்கும்.

காலையிலேயே சுலைமான் வந்துவிட்டான். பாஸ்கலோடு ஒன்றாகப் படித்தவன், அம்பத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். வேறொரு ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தான். அதைப் பொருத்தி, ஸ்விட்சைப் போட்டு, திரையில் பச்சை எழுத்து வந்ததும் கையைத் தட்டினான்.

“மாட்டியாச்சு! பழைய டிஸ்குல இருந்து ஒண்ணும் தேறாது தங்கச்சி. ஆனா நீதான் புத்திசாலியாச்சே, பேக்கப் போட்டு வச்சிருக்க. எடு அந்த ஃபிளாப்பிங்கள.”

ஹில்டா அலமாரிமேலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினாள். உள்ளே காகித உறைகளில் ஃபிளாப்பிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் அவள் கையால் ஒட்டிய நம்பர்.

“அண்ணே, முதல் மூணுல என் டைப்பிங் சாமானும் கல்யாணப் பத்திரிகைங்களும்தான். கல்லறை மொத்தமும் நாலுல.”

“மெஷின் வரிசையாத்தான் கேக்கும். போட்டுகினே போவோம்.”

ஒன்றாம் நம்பர் உள்ளே போனது. கர்ர்... டக்... கர்ர் என்று டிரைவ் முனகியது. திரையில் ஃபைல் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க, ஹில்டாவின் முகத்தில் இரண்டு நாளுக்கப்புறம் ரத்தம் வந்தது.

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிறிஸ்துதாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடியும் கழற்றினார். கொஞ்ச நாளாகவே இந்தக் கண்ணாடி சரியில்லை, எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு அழுக்கு.

“இன்னா நைனா, இப்டி வேர்க்குது உனக்கு? ஃபேன் சுத்திகினுதானே கீது?” என்றான் சுலைமான்.

“ஒண்ணுமில்லப்பா. நீ வேலயப் பாரு.”

இரண்டு முடிந்து மூன்றாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடி முடியவே கூடாது என்று கிறிஸ்துதாஸ் வேண்டிக்கொண்டார். நாலாம் நம்பரில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

போன வாரம், தீபாவளிக்கு மறுநாள் காலை, சூரிய கிரகணம். தெருவில் பாதிப்பேர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க, கிறிஸ்துதாஸ் தன் முட்டி எக்ஸ்ரேயை வெட்டவெளியில் பிடித்துக்கொண்டு சூரியனைப் பார்த்தார். அந்த எக்ஸ்ரே கைமாறிக் கைமாறித் தெருக்கோடிக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி, மாமியாருக்குத் தெரியாமல் மதில் ஓரம் வந்து நின்றாள். “அண்ணே, கல்யாணம் ஆனதுலேந்து கிரகணம்னா உள்ள வச்சுப் பூட்டிடறாங்கோ. எனக்கும் ஒரு தபா காட்டேன்” என்றாள்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஃபிளாப்பிக்குள் இருக்கும் கறுப்புத் தட்டு எக்ஸ்ரேயைவிட ஜோர் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. ஹில்டா பால் வாங்கப் போயிருந்தாள். டின்னில் கைவிட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவினார். எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே, இது வெறும் டூப்ளிகேட் என்று மனசுக்கு ஒரு சமாதானம். சவர பிளேடால் ஓரத்தைக் கீறி, கறுப்புத் தட்டை வெளியே இழுத்தார். அவரும் பார்த்தார், கஸ்தூரியும் பார்த்தாள். தட்டை அவளே வைத்துக்கொண்டாள். தட்டில்லாத பிளாஸ்டிக் உறையின் ஓரத்தை ஒட்டிப் பழையபடி டின்னில் வைத்தார். சாயங்காலம் சொல்லலாம் என்றிருந்தார். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தார். அப்புறம் அது மறந்தே போனது, திங்கட்கிழமை அந்தத் தீய்ந்த வாசனை வரும்வரை.

“நாலு கேக்குது” என்றான் சுலைமான்.

உறை உள்ளே போனது. டிரைவ் ஒரு சுற்றுச் சுற்றி, கிணற்றில் வெறும் வாளி விழுந்த மாதிரி சத்தம் போட்டு நின்றது. வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி போட்டான். மறுபடியும் அதே சத்தம். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். காதருகே வைத்து ஆட்டினான்.

“தங்கச்சி... உள்ள தட்டே இல்ல. வெறும் உறை.”

 ஹில்டா அவன் கையிலிருந்து வாங்கி, ஓரத்து நீள ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் சுவர் தெரிந்தது.

டீயோடு உள்ளே வந்த சகாயம்மாள் தம்ளரைத் தட்டென்று வைத்தாள். “இன்னாடி இது? கடையில வாங்கறப்போ தொறந்து பாத்து வாங்க மாட்டியா? காலி டப்பாவ உன் தலையில கட்டியிருக்கான்!”

“இல்ல அத்தை, நான் ஏத்தினேனே... நம்பர்கூட...” ஹில்டா தடுமாறினாள். “ஏத்தினேன்னுதான் நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறாளாம்! யார்கிட்ட வாங்கினே?”

அறையில் எல்லார் கண்ணும் சுலைமான்மேல் போனது. அவன் கடையில்தான் வாங்கியிருந்தாள். சுலைமான் எழுந்து நின்றுவிட்டான். இதுவரை நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவன் கிறிஸ்துதாஸைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான்.

“நீங்க சொல்லுங்க நைனா. நான் காலி உறைய விக்கிற ஆளா?”

கிறிஸ்துதாஸ் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். இப்போது சொல்லிவிடலாம். இதோ, இந்த மூச்சில் சொல்லிவிடலாம்.

“விடுப்பா... கம்பெனியில இருந்தே அப்டி வந்திருக்கும்” என்றார்.

சுலைமான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கம்பெனியில சோத்துப் பருக்க வச்சு ஒட்டுவாங்களா? தொ பாருங்க, ஓரத்துல காஞ்சு கீது.”

அந்த வீட்டில் தபால் கவர் முதல் கிழிந்த பாட்டுப் புத்தகம்வரை சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுகிறவர் யார் என்று சகாயம்மாளுக்குத் தெரியாதா? புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நொடி உறையை வாங்கி, நகத்தால் பருக்கையைச் சுரண்டி ஜன்னலுக்கு வெளியே சுண்டினாள்.

“எலியா இருக்கும். ஊடு பூரா எலி.”

“எலி ஒட்டுமா அத்தை?” என்றாள் ஹில்டா.

“எலி சோத்த இஸ்துகினு வராதா? எல்லாத்துக்கும் கேள்வி கேட்டுகினு! சாமான பத்திரமா வச்சுக்கத் துப்பில்ல!”

ஹில்டா தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பெயர் எழுதும் பெயிண்டர் வேம்புலி.

“அம்மா! தாள் ரெடியா? கறுப்பு கலக்கி வச்சுகினு கீறேன். மழ வர்றதுக்குள்ள எழுதணும்!”

“சாயங்காலம் வா வேம்புலி” என்றாள் ஹில்டா. 

சுலைமான் கோபத்தோடு கருவிகளைப் பைக்குள் போட்டான். ஆனாலும் தொழில்காரன் இல்லையா, போகிற போக்கில் சொன்னான். “அந்தக் கறுப்புத் தட்டு மட்டும் கெடச்சா, வேற உறையில போட்டு ஓட்டிப் பாக்கலாம். தட்டு எங்க போச்சோ! நான் டீக்கடைப் பக்கம் போய்ட்டு வரேன்.”

கிறிஸ்துதாஸ் எழுந்தார். டி.வி.எஸ். ஃபிப்டியின் சாவியை எடுத்தபோது, “எங்க?” என்று யாரும் கேட்கவில்லை. சகாயம்மாள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் கஸ்தூரி இல்லை. “நூம்பல்ல ஊடு கட்றோமில்ல, செவுத்துக்குத் தண்ணி ஊத்தப் பூட்டா” என்றாள் அவள் மாமியார். வேலப்பன்சாவடி வழியாக வண்டியை விரட்டினார். பாதை முழுக்கக் குழி. எதிரே வந்த லாரியின் நம்பர் பலகையில் நடு எழுத்துகள் தெரியவில்லை. கண்ணாடிக்காரனை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனார்.

பாதி எழும்பிய வீடு. கஸ்தூரி புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயே, இன்னாண்ணே இவ்ளோ தூரம்? ஊட்ல எல்லாம் நல்லாத்தானே கீறாங்கோ?”

“அன்னிக்கு கிரகணத்துக்குக் கொடுத்தேனேம்மா, அந்தக் கறுப்புத் தட்டு...”

“தொ, மேல பாரு! சோக்கா கீதுல்ல? காத்துல சுத்துது. ரோட்ல போறவன் கண்ணு அதுமேலயே பூடுது, ஊட்டு மேல உழ மாட்டேங்குது.”

கிறிஸ்துதாஸ் நிமிர்ந்து பார்த்தார். நீட்டிக்கொண்டிருந்த கம்பியிலிருந்து கறுப்புக் கயிறு தொங்கியது. கயிறு தெரிந்தது, கோத்த சிவப்பு மிளகாய் தெரிந்தது. தட்டை நேராகப் பார்த்தால் காணோம். முகத்தைக் கொஞ்சம் திருப்பினால்தான் ஓரமாகத் தெரிந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

“அது எனக்குத் திருப்பி வேணும் கஸ்தூரி.”

“திருஷ்டிக்குக் கட்னத நடுவுல அவுக்கக் கூடாதுண்ணே. ஜன்னலுக்கு லிண்டல் வேற போட்டுகினு கீறாங்கோ.”

“அதுலதான்மா கல்லறையில இருக்கறவங்க பேரெல்லாம் கீது.”

கஸ்தூரியின் கையிலிருந்து குழாய் விழுந்தது. “இன்னாது! செத்தவங்க பேரா? அத்தயா ஒரு வாரமா என் ஊட்டு வாசல்ல தொங்கவுட்டுகினு கீறேன்? யோவ் மேஸ்திரி! எறக்குய்யா அத்த, எறக்கு!”

மேஸ்திரி கோலால் கயிற்றை எடுத்துவிட்டார். தட்டில் சிமெண்டுத் தூசி, மழைக்கறை, ஒரு பக்கம் மிளகாயின் சாறு. கிறிஸ்துதாஸ் அதைத் தன் வேட்டியில் துடைக்கப் போய், பயந்து, வெற்றுக் கையில் ஓரமாகப் பிடித்துக்கொண்டார்.

“சும்மா போவக் கூடாதுண்ணே” என்றாள் கஸ்தூரி. “எடுத்த எடத்துல ஒண்ணு கட்டிட்டுப் போ.” அவள் பார்வை அவருடைய காலுக்கு இறங்கியது. பழைய கறுப்புத் தோல் செருப்பு. “தொ, அது போதும். ஒண்ணு குடு.”

மிளகாயோடு செருப்பு மேலே ஏறியது. கஸ்தூரி அண்ணாந்து பார்த்து, வலது கண்ணைக் கசக்கினாள்.

“பாழாப்போன சிமெண்ட்டு, ஒரு வாரமா கண்ணுல தூசு உழுந்தாப்புலயே கீது” என்று சிரித்தாள்.

ஒற்றைச் செருப்போடு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது சகாயம்மாள் கேட்டருகே காத்திருந்தாள். காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

“நான் அன்னிக்கே பாத்தேன்” என்றாள் தணிந்த குரலில். “பிளேட வச்சுக் கீறிகினு இருந்தியே, சமையக்கட்டு ஜன்னல்லேந்து பாத்தேன். இன்னா ஏதுன்னு அப்போ புரியல.”

“தெரிஞ்சுமா அந்தப் பொண்ண அவ்ளோ பேச்சு பேசின?”

“பின்ன? ஊரு முன்னாடி கேரண்டி குடுத்த மனுஷன்யா நீ. மருமக முன்னாடி தலகுனிஞ்சு நிப்பியா? அவ சின்னவ, ரெண்டு நாள்ல மறந்துடுவா. பீரோக்கு அடியில கெடந்துச்சுன்னு சொல்லிக் குடு. எலி இஸ்துகினு போச்சு. முடிஞ்சுது.”

முடிஞ்சுது. எவ்வளவு சுலபம்! தட்டு கிடைத்துவிட்டது, பெயரும் வந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. கிறிஸ்துதாஸ் அந்த வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டே உள்ளே போனார். பீரோக்கு அடியில. பீரோக்கு அடியில கெடந்துச்சு.

உள்ளே சுலைமான் திரும்பி வந்திருந்தான். ஹில்டா அவனிடம், “அத்தை பேசினத மனசுல வச்சுக்காதீங்கண்ணே. தப்பு என்மேலதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாமனாரைக் கண்டதும் எழுந்தாள்.

“மாமா, மன்னிச்சுடுங்க. அத்தனை பேர் முன்னாடி என்னை நம்பி வாக்குக் கொடுத்தீங்க. நான் சாமானை ஒழுங்கா வச்சுக்கல. பங்குச் சாமிகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன், உங்க பேரு வராம.”

வாய்க்குள் இருந்த பீரோ போன இடம் தெரியவில்லை.

“எடுத்தது நான்” என்றார் கிறிஸ்துதாஸ். தட்டை மேஜைமேல் வைத்தார். “கிரகணம் பாக்கறதுக்கு. நான்தான் கீறினேன், நான்தான் ஒட்டினேன். காலையில சுலைமான் மூஞ்சியப் பாத்துகினே பொய் சொன்னதும் நான்தான்.”



ஹில்டா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஜை டிராயரை இழுத்துக் காட்டினாள். உள்ளே பிரிக்காத அட்டைப் பெட்டி.

“இதுல எல்லாம் காலி ஃபிளாப்பி மாமா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே.”

அதற்குமேல் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைக் குழாயடிக்கு எடுத்துப்போய், சோப்பு நுரையில் குழந்தைக்குத் தலை கழுவுவதுபோலக் கழுவினாள். மல் துணியில் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தாள். சுலைமான் டிராயரிலிருந்து புது ஃபிளாப்பி ஒன்றை எடுத்தான்.

“நைனா, உன் பிளேட எட்தா. உனக்குத்தான் நல்லாக் கீறத் தெரியுமே” என்றான். வலிக்கிற மாதிரிதான் சொன்னான். ஆனால் நீ, உன் என்று பழையபடி அழைத்துவிட்டானே, அதற்கே கிறிஸ்துதாஸுக்குக் கண் கலங்கியது.

புது உறைக்குள் பழைய தட்டு நுழைந்தது. நாலாம் நம்பர் உள்ளே போனது. டிரைவ் முனகியது, நின்றது, யோசித்தது. சகாயம்மாள் வாசற்படியில் நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டாள்.

கர்ர்... டக்... கர்ர்.

“ஓடுது!” சுலைமான் தொடையில் அடித்துக்கொண்டான். “ஒண்ணு ரெண்டு எடத்துல முக்குது, மத்ததெல்லாம் வருது தங்கச்சி, வருது!”

பிரிண்டர் கீச்சிட்டுக்கொண்டு தாளைத் தள்ளியது. வரிசை வரிசையாகப் பெயர்கள். வேம்புலியின் சைக்கிள் மணியும் சரியாக அப்போதுதான் கேட்டது. ஹில்டா தாளைக் கிழித்து எடுத்தாள். நேராகக் கிறிஸ்துதாஸ் முன்னால் வந்து நீட்டினாள்.

“வேம்புலி கையில போறதுக்கு முன்னாடி நீங்க செக் பண்ணிடுங்க மாமா. நீங்கதானே கேரண்டி.”

குத்தலா, மன்னிப்பா என்று தெரியவில்லை. இரண்டும்தானோ என்னவோ. கிறிஸ்துதாஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முதல் பெயரைப் பார்த்தார். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பொட்டு. இரண்டாம் பெயருக்குப் போனார். பொட்டும் கூடவே வந்தது. பார்க்கிற இடமெல்லாம் வந்தது. கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமலும் இருந்தது.

“படிங்க மாமா.”

  அவர் தாளை ஓரமாகத் திருப்பி, தலையைச் சாய்த்து, கோழி பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஹில்டாவின் முகத்திலிருந்த இறுக்கம் சட்டென்று வேறு மாதிரி ஆனது. பக்கத்தில் வந்து அவர் கண்ணுக்குள் பார்த்தாள்.

“மாமா... அந்தத் தட்டு வழியா எவ்ளோ நேரம் சூரியனைப் பாத்தீங்க?”

“கொஞ்ச நேரம்தாம்மா. கை வலிச்சுது, கஸ்தூரிகிட்ட கொடுத்துட்டேன்.”

“அவங்க?”

கிறிஸ்துதாஸின் தலை மதில் பக்கம் திரும்பியது. மதில் ஓரம் நின்று, கிரகணம் விடுகிறவரை கையை இறக்காமல், சின்னப் பெண்போலச் சிரித்துச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாளே. இன்றைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிமெண்ட்டைத் திட்டினாளே.

பக்கத்து வீட்டுக் கேட் திறக்கும் சத்தம். நூம்பலிலிருந்து திரும்பிவிட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவளுடைய கணீர்க் குரல் கேட்டது.

“அண்ணே! பேரெல்லாம் வந்துச்சாண்ணே?”

கிறிஸ்துதாஸ் கழற்ற மறந்த ஒற்றைச் செருப்போடு, தாளைக் கையில் பிடித்தபடி, அப்படியே நின்றார்.